கர்னலுக்குள் கணக்கு: வாசகர் கேள்வி பதில்

நேரத்துக்கு ஓட வேண்டிய ஆய்வுக்கூடக் கருவிக்குள் கணக்குப் போடும் வசதியைச் சேர்ப்பது லேசான வேலை இல்லை என்று சென்ற மாதம் போகிற போக்கில் ஒரு வரி எழுதினேன். அதைப் பிடித்துக்கொண்டு கடிதங்கள் வந்துவிட்டன. ஆகவே இந்த மாதம் முழுக்க அதுதான். ஏர்கான் தண்ணீர் சொட்டுகிறது, வைஃபை படுக்கையறைக்கு எட்டவில்லை என்று எழுதியவர்கள் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சார், எங்கள் கூடத்தில் ஓர் அயனிப் பொறி இருக்கிறது. ஆர்ட்டிக் மென்பொருளில் ஓட்டுகிறோம். அயனி நடுவிலேயே நிற்க 12 மின்முனைகளின் மின்னழுத்தத்தை அடிக்கடி திருத்த வேண்டும். அதற்கு ஒரு சின்ன மேட்ரிக்ஸ் பெருக்கல் உண்டு. இப்போது மேசைக் கணினிக்கு அனுப்பி விடையை வாங்குகிறோம். “கர்னலுக்குள்ளேயே போட்டுவிடு” என்கிறார் ஒரு சீனியர். “அதைத் தொடாதே, எல்லாம் தாமதமாகும்” என்கிறார் இன்னொருவர். யார் பேச்சைக் கேட்பது?
*ஆராய்ச்சி மாணவி, கிளமெண்டி*

பதில்: முதல் சீனியர் சொல்வதைக் கேளுங்கள். இரண்டாமவர் எதற்குப் பயப்படுகிறார் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள், அதிலும் நியாயம் இருக்கிறது.

மற்ற வாசகர்களுக்காக இரண்டு வார்த்தை. அயனிப் பொறி என்பது மின்னேற்றம் பெற்ற அணுவை மின்புலத்தால் அந்தரத்தில் பிடித்து வைக்கும் கருவி. ஆர்ட்டிக் என்பது ஹாங்காங்கின் எம்-லேப்ஸ் நிறுவனமும் அமெரிக்காவின் நிஸ்ட் என்ற அளவீட்டுத் தர அமைப்பில் அயனிகளோடு மல்லுக்கட்டும் குழுவும் சேர்ந்து வளர்த்தது. நிரலைப் பைத்தானில் எழுதுவோம். சாதாரணப் பகுதி மேசைக் கணினியில் ஓடும். ‘கர்னல்’ என்று குறித்த பகுதியை மட்டும் கம்பைலர் இயந்திர மொழியாக்கி, லேசர்களுக்குப் பக்கத்தில் இருக்கும் எஃப்பிஜிஏ (உள்சுற்றைத் தேவைக்கேற்ப மாற்றி அமைக்கும் சிப்) பலகைக்கு அனுப்பிவிடும். அந்தப் பலகையில் சின்னதாக ஒரு செயலி உண்டு. அது லேசரைத் தானே தட்டி அணைப்பதில்லை. “இந்த நேரத்தில் இதைத் திற, அந்த நேரத்தில் அதை மூடு” என்று நேரம் குறித்த சீட்டுகளை வரிசையில் போட்டுக்கொண்டே போகும். குறித்த நானோவிநாடியில் அதை நிறைவேற்றுவது வன்பொருளின் பொறுப்பு. செயலிக்கு உள்ள கடமை ஒன்றுதான்: எப்போதும் கடிகாரத்துக்கு முன்னால் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். சீட்டில் குறித்த நேரம் கடந்தபிறகு சீட்டு வந்து சேர்ந்தால் அண்டர்ஃபுளோ என்று சொல்லிச் சோதனையை நிறுத்திவிடும்.

இப்போது உங்கள் கணக்குக்கு வருவோம். மூன்று திசைத் திருத்தம், 12 மின்முனை. 36 பெருக்கல், 24 கூட்டல், மொத்தம் 60 செயல்கள். செயலியில் தசம எண்களுக்கான வன்பொருள் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றையும் மென்பொருளாகத்தான் செய்யும், தாராளமாக 100 துடிப்பு எடுக்கட்டும். 125 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தில் ஒரு துடிப்பு 8 நானோவிநாடி. எல்லாம் சேர்த்து 6,000 துடிப்பு, அதாவது 48 மைக்ரோவிநாடி. மேசைக் கணினிக்குப் போய் வரும் வழியில் நெட்வொர்க் இருக்கிறது, இயங்குதளம் இருக்கிறது, பைத்தான் இருக்கிறது. நல்ல நாளிலேயே மில்லிவிநாடிக் கணக்கில் ஆகும். அதைவிட மோசம், எவ்வளவு ஆகும் என்று யாரும் கையெழுத்துப் போட்டுத் தர மாட்டார்கள்.

ஆர்ட்டிக் 6ஆம் பதிப்பிலிருந்து கர்னலுக்குள் நம்பை பாணி அரேக்கள் எழுதலாம். அரே என்றால் எண்களின் அடுக்கு, நம்பை என்பது அதைக் கையாளும் பைத்தான் நூலகம். உறுப்புக்கு உறுப்பு கூட்டிப் பெருக்கலாம், @ குறி போட்டு மேட்ரிக்ஸைப் பெருக்கலாம், சைன், எக்ஸ்பொனென்ஷியல் எல்லாம் கூப்பிடலாம். 7ஆம் பதிப்பில் பலகைக்குள் இருக்கும் செயலி ஓப்பன்ரிஸ்க் என்ற வடிவமைப்பிலிருந்து ரிஸ்க்-ஃபைவ் என்ற வடிவமைப்புக்கு மாறியது. காஸ்லி 2.0 போன்ற பலகைகளில் தசம எண்ணுக்கான வன்பொருளும் அப்போது சேர்ந்தது. அதில் ஓட்டினால் மேலே சொன்ன 48 நன்றாகவே இறங்கிவிடும்.

இரண்டாவது சீனியரின் பயம் எங்கே இருக்கிறது? கணக்கு போடும் 48 மைக்ரோவிநாடியும் செயலி கடிகாரத்துக்கு முன்னால் ஓடிச் சேர்த்து வைத்திருக்கும் நேரத்திலிருந்து கழிகிறது. ஆகவே எந்த வரிக்குப் பின் எந்த வரி என்பதைப் பார்த்து வையுங்கள். அயனியைக் குளிர்விக்க ஒரு மில்லிவிநாடி லேசர் போடுவீர்கள் அல்லவா? முதலில் அந்தச் சீட்டுகளைப் போட்டுவிடுங்கள். அதற்குப் பிறகு கணக்கைத் தொடங்குங்கள். லேசர் எரிந்துகொண்டிருக்கும், செயலி ஓரமாக உட்கார்ந்து பெருக்கிக்கொண்டிருக்கும், அடுத்த சீட்டுக்கு இன்னும் 900 மைக்ரோவிநாடிக்கு மேல் மிச்சம் இருக்கும். அதே கணக்கைக் குளிர்விப்புக்கும் அடுத்த பல்ஸுக்கும் நடுவே நேரத்தை அளந்து பார்க்காமல் செருகினால் உங்கள் சீனியர் சொன்னதுதான் நடக்கும், அப்புறம் “பார்த்தாயா?” என்று அவர் சொல்வதையும் கேட்டாக வேண்டும்.

கேள்வி: என் மகன் ஆய்வுக்கூடத்திலிருந்து நடுராத்திரிதான் வீட்டுக்கு வருகிறான். கேட்டால் “ரியல்-டைம் சிஸ்டம்மா, உங்களுக்குப் புரியாது” என்கிறான். நல்ல வேகமான கணினி ஒன்று வாங்கிக் கொடுத்தால் சீக்கிரம் வருவானா?
*வாசகி, ஈசூன்*

பதில்: வர மாட்டான் அம்மா. ரியல்-டைம் என்றால் வேகம் என்று அர்த்தம் இல்லை, சொன்ன நேரம் தவறாமல் செய்வது. உங்கள் வீட்டு மடிக்கணினி ஒரு விநாடியில் கோடிக்கணக்கான கணக்குப் போடும். நடுவில் அப்டேட் வந்தால் அதைப் பார்க்கவும் போய்விடும். உங்கள் மகன் வேலை பார்ப்பது நானோவிநாடியில். அதற்குள் ஒளியே 30 சென்டிமீட்டர்தான் போகும். அங்கே “கொஞ்சம் பொறு” என்பதற்கு இடமே இல்லை.

ஆனால் நடுராத்திரிக்கு அது காரணமாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. லேசர் சரியான அலைவெண்ணில் லாக் ஆகாமல் படுத்தியிருக்கும். சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு நீங்கள் தூங்குங்கள்.

கேள்வி: நான் மென்பொருள் பொறியாளன். நம்பை ஓப்பன் சோர்ஸ். எத்தனையோ வருடமாகச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். அதை அப்படியே எடுத்துப் பலகையில் ஏற்றாமல், கம்பைலருக்குள் அரேயைப் புதிதாக எழுதுவானேன்? சக்கரத்தை மறுபடி கண்டுபிடிக்கும் வேலைதானே?
*சாங்கி பிசினஸ் பார்க்கிலிருந்து ஒருவர்*

பதில்: உங்களைப் போன்றவர்கள் கேட்பார்கள் என்று எதிர்பார்த்த கேள்வி. கொஞ்சம் நீட்டியே பதில் சொல்கிறேன்.

நம்பையின் மூதாதை நியூமெரிக் 1995இல் வந்தது. நம்பை 1.0 வந்தது 2006இல். இரண்டும் பிறந்து வளர்ந்தது மேசைக் கணினியில். கீழே பைத்தான் இன்டர்ப்ரெட்டர் இருக்கிறது, கேட்டபோதெல்லாம் நினைவகம் கொடுக்கும் இயங்குதளம் இருக்கிறது என்ற நம்பிக்கையில் எழுதப்பட்டவை. ‘ஏ கூட்டல் பி பெருக்கல் சி’ என்று மூன்று அரேக்களை வைத்து ஒரு வரி எழுதுகிறீர்கள். முதலில் பெருக்கலின் விடைக்கு ஓர் அரே பிறக்கும், பிறகு கூட்டலின் விடைக்கு இன்னொன்று. ஆளுக்கு 1,000 தசம எண் என்றால் ஒவ்வொன்றும் 8,000 பைட். முதலாவது தேவைப்படாமல் போனதும் பைத்தானே அதைத் துடைத்துவிடும். நீங்கள் கவலைப்பட்டிருக்கவே மாட்டீர்கள்.

பலகையில் துடைக்க ஆள் கிடையாது. குப்பை பொறுக்கும் ஒருவரை வைத்தால் அவர் எப்போது துடைப்பத்தை எடுப்பார், எவ்வளவு நேரம் பெருக்குவார் என்று சொல்ல முடியாது. அதனால் ஆர்ட்டிக் கர்னல்களில் ஹீப் (கேட்டபோது இடம் தரும் நினைவகப் பகுதி) இல்லை. கர்னலுக்குள் உருவாகும் அரே எல்லாம் ஸ்டாக்கில்தான். ஒரு ஃபங்ஷன் ஓடும்வரை அதன் இடம் அதற்கு, முடிந்ததும் அடுத்தவருக்கு. மதிய நேரத்து உணவங்காடி மேசை மாதிரி. எழுந்துவிட்டால் போச்சு, டிஷ்யூ பொட்டலம் வைத்துப் பிடித்து வைக்கும் வித்தை இங்கே செல்லாது.

இதிலிருந்து புதியவர்களை எரிச்சலூட்டும் ஒரு கட்டுப்பாடு வருகிறது. ஒரு ஃபங்ஷனுக்குள் அரே ஒன்றை உருவாக்கி, அதைத் திருப்பி அனுப்ப முடியாது. அனுப்பினால், போய்ச் சேர்ந்த இடத்தில் பார்க்கும்போது வேறு யாரோ அங்கே எழுதியிருப்பார்கள். சி மொழியில் இதைச் செய்தால் கம்பைலர் ஓர் எச்சரிக்கையோடு விட்டுவிடும், சில சமயம் அதுவும் வராது. மூன்று வாரம் கழித்து அயனி ஏன் ஓடிப்போகிறது என்று தேடிக்கொண்டிருப்பீர்கள். ஆர்ட்டிக் கம்பைலர் ஒவ்வொரு மதிப்பும் எதுவரை உயிரோடு இருக்கும் என்று பார்த்து, ஓட்டுவதற்கு முன்பே முடியாது என்று சொல்லிவிடுகிறது. கூப்பிடுகிறவரே காலி அரேயை உருவாக்கிக் கையில் கொடுக்க வேண்டும், கூப்பிடப்பட்டவர் அதை நிரப்ப வேண்டும். எழுதுவதற்கு அழகாக இருக்காதுதான். எனக்கு இந்த அழகில்லாத வழிதான் பிடித்திருக்கிறது. சோதனை தொடங்கும் முன்பே திட்டு வாங்குவது மலிவு.

இன்னொன்று வடிவம். அரே எத்தனை பரிமாணம், உள்ளே என்ன வகை எண் என்பது கம்பைல் செய்யும்போதே முடிவாகிவிடும். வரிசைகள் சம நீளத்தில் இருக்க வேண்டும், ஒன்று மூன்று எண், இன்னொன்று ஐந்து எண் என்று வைக்க முடியாது. நீளங்கள் பொருந்துகின்றனவா என்பதை மட்டும் ஓடும்போது சரிபார்க்கும். வேறு வேறு வடிவ அரேக்களை நம்பை தானாக நீட்டி இழுத்துப் பொருத்துமே, அந்தத் தாராளம் எல்லாம் வேண்டாம் என்பது என் கட்சி. ஓர் எண்ணை அரே முழுவதற்கும் பெருக்குவது வேண்டும், ஒரே வடிவ அரேக்களைக் கூட்டுவது வேண்டும், மேட்ரிக்ஸ் பெருக்கலும், வரிசையை நெடுவரிசையாக மாற்றும் டிரான்ஸ்போஸும் வேண்டும். ஆய்வுக்கூட வேலையில் முக்கால்வாசி இதற்குள் அடங்கிவிடும்.

இதையெல்லாம் கணக்கில் எடுத்தால் சக்கரத்தை மறுபடி கண்டுபிடித்ததாகத் தெரியவில்லை. கம்பைலருக்கு ‘அரே’ என்று ஒரு வகை தெரிய வேண்டும், கூட்டல் குறியைப் பார்த்ததும் அதற்கேற்ற லூப்பை அதுவே எழுத வேண்டும். நம்பையிடமிருந்து எடுத்தது எழுதும் முறையை மட்டும். அது பெரிய உதவி. ஒரே வரியை மேசைக் கணினியிலும் ஓட்டிப் பார்க்கலாம், பலகையிலும் ஓட்டலாம்.

கேள்வி: சைன் மதிப்பைக் கணினி எப்படிக் கண்டுபிடிக்கிறது? அட்டவணை வைத்திருக்குமா?
*பாலிடெக்னிக் மாணவர், டோவர்*

பதில்: மூன்று வழி உண்டு தம்பி. அட்டவணையும் அதில் ஒன்று. கால் சுற்றுக்கு மட்டும் மதிப்புகளைச் சேமித்து வைத்து, மிச்ச முக்கால் சுற்றை அட்டவணையைத் திருப்பிப் படித்தும் குறி மாற்றியும் எடுப்பார்கள். வேகம் நன்றாக இருக்கும், துல்லியம் அட்டவணையின் நீளத்தைப் பொறுத்தது.

இரண்டாவது கார்டிக். ஜாக் வோல்டர் என்ற பொறியாளர் விமானத்தில் வழிகாட்டும் கணினிக்காக யோசித்து 1959இல் வெளியிட்டது. பெருக்கலே வேண்டாம். 45 பாகை, அப்புறம் 26.565, அப்புறம் 14.036 என்று சுருங்கிக்கொண்டே போகும் கோணங்களில் ஓர் அம்பை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்புவது. இந்தக் கோணங்களின் டேன்ஜென்ட் 1, அரை, கால் என்று போவதால் பிட்டுகளை நகர்த்திக் கூட்டினால் போதும். ஒரு படிக்கு ஏறக்குறைய ஒரு பிட் துல்லியம் கூடும். எஃப்பிஜிஏக்குள் வன்பொருளாகவே கட்டுவதற்கு இன்றும் இதுதான் பலருக்குக் கைவந்தது. எத்தனை படி என்பது முன்பே தெரியும், அதனால் நேரமும் முன்பே தெரியும்.

மூன்றாவது, மென்பொருள் நூலகங்கள் செய்வது. கோணத்தை முதலில் சிறிய எல்லைக்குள் கொண்டுவந்து, பிறகு ஒரு பல்லுறுப்புக் கோவையில் போட்டு விடை எடுப்பார்கள். ரியல்-டைம்காரனுக்கு வம்பு வருவது இந்த முதல் படியில்தான். கோணம் சின்னதாக இருந்தால் அந்தப் படியைச் சட்டென்று தாண்டிவிடும். பல லட்சம் ரேடியனைத் தாண்டினால், பை என்ற எண்ணின் நீண்ட வாலை எடுத்துவைத்துக்கொண்டு பல படிகளில் கழிக்க வேண்டியிருக்கும். ஆக, ஒரே சைனுக்கு எடுக்கும் நேரம் நீங்கள் கொடுக்கும் எண்ணைப் பொறுத்து மாறுகிறது.

அவ்வளவு பெரிய கோணம் எங்கிருந்து வரும் என்று கேட்பீர்கள். 80 மெகாஹெர்ட்ஸ் அலை ஒன்று ஒரு விநாடியில் எவ்வளவு சுற்றியிருக்கும் என்று பாருங்கள்: 50 கோடி ரேடியன். பாடப் புத்தகத்துச் சமன்பாட்டை அப்படியே தட்டச்சு செய்தால் அந்த எண்தான் சைனுக்குள் போகும்.

ஆகவே கட்டத்தை, அதாவது அலை எந்தக் கோணத்தில் இருக்கிறது என்பதை, ரேடியனில் வைக்காதீர்கள். ஒரு முழுச் சுற்று என்பதை 32 பிட் முழு எண்ணாக வைத்துக்கொள்ளுங்கள். கூட்டிக்கொண்டே போங்கள், நிரம்பி வழிந்தால் வழியட்டும். வழிந்து போனதெல்லாம் முழுச் சுற்றுகள், அவை யாருக்கும் வேண்டாம். பை என்ற எண் நிரலில் எங்கேயும் வராது.

கேள்வி: 32 பிட் தசம எண் போதாதா? பாதி நினைவகம் மிச்சமாகுமே.
*வாசகர், ஜூரோங் ஈஸ்ட்*

பதில்: அலைவெண் கணக்குக்குப் போதாது. காரணத்தைக் கணக்கோடு காட்டுகிறேன். ஆர்ட்டிக்கோடு ஓடும் சினாரா வன்பொருள் குடும்பத்தில் உருகுல் என்று அலைகளை உருவாக்கும் ஒரு பலகை. அதில் ஏடி9910 சிப் உண்டு. ஒரு கிகாஹெர்ட்ஸ் கடிகாரத்தில் ஓடும் அந்தச் சிப்புக்கு அலைவெண்ணை 32 பிட் முழு எண்ணாகச் சொல்ல வேண்டும். 80 மெகாஹெர்ட்ஸ் வேண்டுமானால் 8 கோடியை 4,29,49,67,296ஆல் பெருக்கி 100 கோடியால் வகுங்கள். வருவது 34,35,97,383.68. முழுமையாக்கினால் 34,35,97,384. ஒரு படிக்கு 0.233 ஹெர்ட்ஸ், ஆகவே பிழை ஒரு ஹெர்ட்ஸில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

இதையே 32 பிட் தசம எண்ணில் போடுங்கள். அதற்கு 24 பிட் துல்லியம்தான். இந்த அளவு எண்கள் அதில் 32, 32ஆகத்தான் தாவும். கிடைப்பது 34,35,97,376. அலைவெண் 1.8 ஹெர்ட்ஸ் தள்ளிப்போய்விடும். எஃப்எம் வானொலிக்கு இது ஒன்றுமே இல்லை, அணுக் கடிகாரம் செய்கிறவரிடம் சொல்லிப் பாருங்கள். ஒளிச் செறிவு, மின்னழுத்தம் மாதிரி விஷயங்களுக்கு 32 பிட் தாராளமாகப் போதும்.

கேள்வி: அயனி, அணுக் கடிகாரம் என்று எழுதுகிறீர்கள். இதெல்லாம் சிங்கப்பூரில் நடக்கிறதா?
*வாசகர், பொங்கோல்*

பதில்: நடக்கிறது. கென்ட் ரிட்ஜில், தேசியப் பல்கலைக்கழக வளாகத்தில் குவாண்டம் தொழில்நுட்ப மையம் 2007இலிருந்து இருக்கிறது. லூட்டீஷியம் என்ற உலோகத்தின் அயனியை வைத்துக் கடிகாரம் செய்யும் குழு ஒன்று அங்கே உண்டு.

கேள்வி: நாங்கள் சொந்தமாக எழுதிய கட்டுப்பாட்டு மென்பொருளில் அரேயும் கணித ஃபங்ஷன்களும் சேர்த்துக்கொண்டிருக்கிறோம். சோதிக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?
*ஆய்வுக்கூடப் பொறியாளர், புவோனா விஸ்தா*

பதில்: ஒரே ஃபங்ஷனை மேசைக் கணினியிலும் பலகையிலும் ஓட்டி, விடைகளை ஒப்பிடுங்கள். தசம எண்களில் கடைசி பிட் மாறினால் பதற வேண்டாம். பெருக்கலையும் கூட்டலையும் ஒரே அடியில் செய்யும் செயலியும் தனித்தனியாகச் செய்யும் செயலியும் கடைசி பிட்டில் ஒத்துப்போக வேண்டிய கட்டாயம் இல்லை. பத்தாவது பிட்டில் வித்தியாசம் வந்தால் மட்டும் உட்கார்ந்து பாருங்கள்.

குறை எண்களை வேண்டுமென்றே கொடுங்கள். -7ஐ 2ஆல் முழு எண்ணாக வகுத்தால் பைத்தான் -4 என்கிறது. சி மொழி -3 என்கிறது. மீதியின் குறியும் அப்படியே மாறும். கம்பைலர் எழுதியவர் செயலியின் வகுத்தல் கட்டளையை நேராகப் போட்டிருந்தால் மேசையில் ஒரு விடை, பலகையில் ஒரு விடை. அரேயில் இடத்தைக் கணக்கிட இந்த வகுத்தலைப் பயன்படுத்தியிருந்தால் பக்கத்து எண்ணை எடுத்துவிடும், எந்த எச்சரிக்கையும் வராது.

அடுத்து எண்களின் அகலம். பைத்தானின் முழு எண்ணுக்கு எல்லை கிடையாது, பலகையில் 32 பிட் என்றால் 32 பிட்தான். நேரத்தை நானோவிநாடியில் வைத்தீர்கள் என்றால் குறியுள்ள 32 பிட் 2.1 விநாடியில் நிரம்பி, நேரம் குறை எண்ணாகிவிடும். உங்கள் சோதனைகள் எல்லாம் ஒரு விநாடிக்குள் முடிகிறவையாக இருந்தால் இது கண்ணிலேயே படாது. நேரம் தொடும் எதுவும் 64 பிட்டாக இருக்கட்டும். நேரங்களை அடுக்கிய அரேயும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அரேயில் வகையைச் சொல்ல மறந்தால் கம்பைலர் தன் இஷ்டத்துக்கு 32 பிட்டைத் தேர்ந்தெடுக்கக்கூடும்.

நேரத்தை அளக்கும்போது சராசரியைப் பார்க்காதீர்கள், அதிகபட்சத்தைப் பாருங்கள். வன்பொருள் எண்ணியைக் கணக்குக்கு முன்னும் பின்னும் படித்து, அரேயின் நீளத்தை 1, 2, 4, 8 என்று கூட்டிக்கொண்டே போய் வரைபடம் போடுங்கள். நேர்கோடாக ஏறினால் சரி. ஓர் இடத்தில் திடீரென்று மேலே குதித்தால் செயலியின் கேஷ் (பக்கத்திலேயே வைத்திருக்கும் சின்ன, வேகமான நினைவகம்) அங்கே நிரம்பியிருக்கும். அந்த நீளத்தை ஆவணத்தில் எழுதி வைத்துவிடுங்கள். நீங்கள் வேறு வேலைக்குப் போனபிறகு வருகிறவர் அங்கேதான் வந்து நிற்பார்.